கேட்டைத் தாண்டாத கார்

எங்கள் அடையாறு குடியிருப்பில் இருபத்திரண்டு கார்கள் நிற்கின்றன. காலை ஆறு மணிக்கு ஒருவர் வருவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. இருபத்திரண்டையும் துடைத்துவிட்டு ஏழேகாலுக்குக் கிளம்பிவிடுவார். பன்னிரண்டாவது கார் வரும்போது வாளித் தண்ணீர் டீயின் நிறத்துக்கு வந்திருக்கும். மிச்சம் பத்துக்கும் அதே தண்ணீர்தான்.

போன வாரம் காலை நடையில் நம் கூட்டத்தில் ஒருவர் புலம்பினார். புதுக் கார், ஒரு வருடம்கூட ஆகவில்லை, வெயிலில் பார்த்தால் பெயிண்ட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். எனக்குப் பதில் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். ஆனால் அதைச் சொல்லப் போனால் என் அப்பா, அம்மா, ராயப்பேட்டை பெயிண்டர் எல்லாரும் கூடவே வருவார்கள். நடந்துகொண்டே சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு மஞ்சள் துணி நினைவிருக்கும். கார் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்தது. ஃப்ளானல் மாதிரி மெத்தென்று, ஓரத்தில் சிவப்பு நூல் தையல் போட்டு வரும். காரின் டிக்கியில் ஒரு துணிப்பைக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருக்கும். வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்குக் கைக்குழந்தைக்குரிய மரியாதை இருந்தது.

அப்போது நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அப்பா பதிவு செய்துவிட்டு எட்டு ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய கார் அது. உருண்டை முதுகு, கருநீலம். பக்கவாட்டில் ஓடிய தகரக் கொட்டகையில் நிற்கும். அப்பா தைக்கச் சொல்லி வாங்கிய கித்தான் உறை அதன் மேல் இரவும் பகலும் கிடக்கும். அவர் அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் போவார். காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். அதுவும் மழை இல்லை, மேகமும் இல்லை என்று நிச்சயமானால்.

தினமும் காலையில் உறையை விலக்கி, மஞ்சள் துணியால் காரைத் துடைப்பது என் வேலை. துணி காய்ந்திருக்க வேண்டும், கையை வட்டமாகச் சுழற்ற வேண்டும், ஒரு கதவுக்கு இருபது சுற்று. இதெல்லாம் அப்பாவின் சட்டம். தண்ணீர் பட்டால் தகரம் துருப்பிடிக்கும் என்பது அவருடைய கட்சி. எங்கள் தெருவில் கார் வைத்திருந்த நான்கு வீடுகளும் அதே கட்சிதான். காலையில் நான்கு வீட்டு வாசலிலும் யாராவது ஒருவர் கையைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே மதுரையில் மாமாவின் காரில் பழகி, லைசன்ஸ் எடுத்தவர். லைசன்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. காலாவதியாகும் நேரம் வந்தால் பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். திரும்பவும் புடவைக்கு அடியில் வைப்பார்.

"ஒரு தடவ நான் எடுக்கட்டுமாங்க?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார்.

"உன் கையில கண்ணாடி வளையல் ஒரு டஜன் இருக்கு. கதவுல உரசினா பெயிண்ட் போயிடும்" என்பார் அப்பா.

ஒரு ஞாயிறு அம்மா வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். அப்பா மேகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று உறையைப் போட்டுவிட்டார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் அப்பாவை அலுவலகம் மூன்று மாதப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பியது. கிளம்பும் அன்று சாவியை அம்மாவிடம் கொடுத்தார். "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடு. இல்லாட்டி பேட்டரி போயிடும். நின்ன இடத்துலயே ஓடட்டும். கேட்டைத் தாண்டக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "இருபது சுற்று" என்றார். டாக்ஸி தெரு முனை திரும்பும் வரை அவர் திரும்பிப் பார்த்தது எங்களையா, கொட்டகையையா என்று எனக்கு அப்போது சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை.

அவர் போன எட்டாம் நாள் மதில் மேல் நடந்து காட்டுகிறேன் என்று விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ராயப்பேட்டையில் ஓர் எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து காட்டச் சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்தினேன். ஆட்டோக்காரரே பயந்துபோய், "யம்மா, கொயந்த இப்டி கத்துனா ஜனங்க என்ன புடிச்சி அடிப்பாங்கம்மா" என்றார்.

மறுபடி போக வேண்டிய நாள் அம்மா என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உறையை இழுத்துக் கீழே போட்டார். அதை மடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். முன்கதவைத் திறந்து என்னை உட்காரவைத்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் ஏறினார். இரண்டு முறை எஞ்சின் நின்றது. மூன்றாவது முறை கார் கேட்டைத் தாண்டியது.

"அப்பா திட்ட மாட்டாங்களாம்மா?"

"கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா எதுக்குச் சொல்லணும்?"

பள்ளங்களை அவர் முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைத்தார். ராயப்பேட்டை வரை நான் ஒரு முறைகூடக் கத்தவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கியபோது அம்மாவின் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

வீடு திரும்பியதும் பிரச்சினை தெரிந்தது. சக்கரத்திலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் சேறு, மேலே தெருப்புழுதி. துடைக்க வேண்டிய என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. காய்ந்த துணியால் அவ்வளவு அழுக்கை எடுக்கவும் முடியாது. அம்மா கிணற்றிலிருந்து நான்கு வாளி இறைத்து மேலிருந்து ஊற்றினார். காய்ந்த பிறகு பார்த்தால் கார் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கடலுக்குப் பக்கத்து ஊர், எங்கள் கிணறு உப்பு.

மறுநாளிலிருந்து அவரே ஒரு முறை கண்டுபிடித்தார். முதலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குவது. பிறகு அது காய்வதற்குள் அடிகுழாயில் பிடித்த நல்ல தண்ணீர் அரை வாளியால் உப்பை அலசுவது. கடைசியாகப் பழைய பருத்திப் புடவைத் துண்டை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. வட்டம் இல்லை, இருபது சுற்றும் இல்லை. மஞ்சள் துணி டிக்கியிலேயே கிடந்தது.

அந்த அரை வாளிதான் மாடி வீட்டு மாமியின் கண்ணில் பட்டது. வீட்டுச் சொந்தக்காரர். மே மாதம், அடிகுழாயில் குடம் வைத்து வரிசை நிற்கும் காலம்.

"ஏண்டியம்மா, மனுஷாளுக்குக் குடிக்க ஜலம் இல்லை. நீ காருக்கு அபிஷேகம் பண்ணிண்டிருக்கியே! உங்காத்துக்காரருக்குத் தெரியுமோ, நீ வண்டியை எடுக்கறது?"

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, "சாயங்காலம் மயிலாப்பூர் பக்கம் போறேன் மாமி. கோயிலுக்கு வர்றீங்களா?" என்றார்.

மாமி யோசித்தார். "நான் பின்னாடிதான் உக்காருவேன். வேகமா ஓட்டப்படாது."

அதற்குப் பிறகு தண்ணீர்ப் பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமி ஐந்து மணிக்கே பூக்கூடையோடு கொட்டகை வாசலில் நிற்பார். நான்காவது வாரம், "கொஞ்சம் வேகமாத்தான் போயேன், தீபாராதனை ஆயிடும்" என்று அவரே சொன்னார்.

என் கை ஆறிக்கொண்டு வந்தது. டாக்டர் இனி வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். அம்மா தினமும் எடுத்தார். தி.நகர் துணிக்கடை, மயிலாப்பூர் காய்கறி, மாலையில் கடற்கரை. அப்பாவின் கடிதம் வாராவாரம் வரும். மூன்றாவது வரியில் கேள்வி இருக்கும்: வண்டி எப்படி இருக்கிறது? அம்மா ஒரே பதிலைத்தான் எழுதினார்: வண்டி நன்றாக இருக்கிறது. தான் எப்படி இருக்கிறேன் என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அதற்கு முன் அம்மா இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஜூன் இரண்டாவது வாரம், தி.நகரில், ஓரமாக நிறுத்திவிட்டு நாங்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்து வந்த மீன்பாடி வண்டி, இரும்புப் பலகை வைத்த அந்த மூன்று சக்கரச் சைக்கிள், எங்களை உரசிக்கொண்டு போனது. பலகையின் மூலை வலப்பக்கப் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு இழுத்தது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது.

அம்மா இறங்கினார். வண்டிக்காரரும் இறங்கினார்.

"இன்னா யக்கா, ரோட்ட மறிச்சி நிறுத்திக்கினு கீற!"

"நான் ஓரமாத்தானே நிக்கிறேன். நீங்கதான் வந்து இடிச்சீங்க."

"நிக்கிற வண்டிய யாரு இடிப்பா? நீ ஓட்டிக்கினுதான் வந்திருப்ப."

"எஞ்சினத் தொட்டுப் பாருங்க, ஆறிக் கெடக்கு."

அவர் உண்மையிலேயே பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் அது அடுப்பு மாதிரி சுட்டது. கையை உதறிக்கொண்டு, "நல்லா ஆறிக் கெடக்குது!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டார். அந்த வண்டிக்காரர் கோட்டைக் குனிந்து பார்த்து, இரண்டு விரலால் தடவி, குரல் இறங்கி, "ராயப்பேட்டைல ஒரு பெயிண்டர் பாய் கீறாரு யக்கா. கோடு இருந்த எடமே தெரியாம பண்ணுவாரு" என்று தெருப் பெயரும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "இதைப் பாத்தார்னா சாவி திரும்ப என் கைக்கு வராது" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்பா வர இருபது நாள் இருந்தது. மறுநாளே போய் பாயைப் பார்த்தோம். நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவர் கருவிப் பையோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். ஒல்லி, சின்னத் தாடி, வாய் ஓயாது. கீறலை அவர் பார்த்ததே இரண்டு நொடிதான். காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். பானெட்டின் மேல் சாய்ந்து பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யம்மா, இது யாரு செஞ்ச வேல?"

"மீன்பாடி வண்டி, பாய்."

"கதவ உடும்மா. அத நா ஒரு நாள்ல எடுத்துடுவேன். இதப் பாரு, வண்டி பூரா. சிலந்தி வல கட்டுனா மாரி கீது."

பார்த்தோம். சூரியன் பானெட்டில் பட்ட இடத்தைச் சுற்றி, முடி கனத்தில், வட்டத்துக்குள் வட்டமாக ஆயிரம் கோடுகள். தினமும் கையை வைத்த காரில் நான் அதைப் பார்த்ததே இல்லை. நிழலில் நின்ற கார் அது.

"நான் தினம் துடைப்பேன்" என்றேன். என் பெருமையை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"காஞ்ச துணியா பாப்பா?"

"ஆமாம். வட்டமா."

"அப்ப நீதான். இங்க வர்றது தூசி இல்ல கண்ணு, கடல் மணலு. அது மேல காஞ்ச துணி போட்டுத் தேச்சா, உப்புத்தாள் போட்டுத் தேச்ச கணக்கு. அதுக்கு மேல அந்தக் கித்தான் வேற. காத்துல ஆடி ஆடி அதுவும் தேய்க்குது. யாரு சொல்லிக் குடுத்தது ஒனக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேறு பக்கம் பார்த்தார்.

பாய் தகர மூடிகளில் நீலத்தைக் கலந்து கலந்து கதவோடு வைத்துப் பார்த்தார். ஏழாவது மூடியில் நிறம் கதவுக்குள் போய் மறைந்தது. கார் பிறந்தபோது இருந்த நீலம் வேண்டாம், இன்றைக்கு இருக்கிற வெளுத்த நீலம்தான் வேண்டும் என்றார். கீறலை நனைத்த வாட்டர் பேப்பரால், நயமான உப்புத்தாள் அது, தேய்த்துச் சமன் செய்தார். ஆனால் அடிக்கும் வேலையைக் காலையில் தொடங்க மறுத்தார்.

"இப்ப காத்துல ஈரம் கீது. அடிச்சா பெயிண்ட் வெள்ளையாப் பூத்துடும். பத்து மணிக்கு மேல தொடங்கி, மத்தியானம் கடல் காத்து ஏர்றதுக்குள்ள முடிக்கணும்."

காலால் மிதிக்கும் பம்பு, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு குவளை. பம்பை மிதித்தது அம்மா. பாய் புகை மாதிரி மெல்லியதாக, ஐந்து தடவை பெயிண்ட் அடித்தார். ஒரு மணிக்குத் தென்னை ஓலை அசைந்தபோது பாய் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து வந்து, ரப்பிங் காம்பவுண்டு என்ற தேய்ப்புக் களிம்பைத் தடவிப் பழைய பனியன் துணியால் அந்தக் கதவைத் தேய்த்தார். கதவு கண்ணாடி ஆனது. மூன்று பேரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தோம். பாய் முதலில் சொன்னார்.

"ஒரு கதவு மட்டும் இப்டி பளபளன்னு இருந்தா, சார் கேட்டுக்குள்ள நொழையும்போதே கேப்பாரு, இந்தக் கதவுக்கு இன்னா ஆச்சுன்னு."

"அப்ப?"

"வண்டி மொத்தமும் தேய்க்கணும். எனக்கு வேற வேல கீது. நீயே தேய்ச்சிடு. கையளவு எடம் எடுத்துக்கோ, அத முடிச்சிட்டு அடுத்தது. விளிம்புல அழுத்தாத, அங்க பெயிண்ட் மெலுசு, தகரம் தெரிஞ்சிடும். வெயில்ல செய்யாத. முடிச்சதும் மெழுகு போட்டுடு."

ஒரு முழ நீளக் கோட்டை மறைக்க அம்மா பதினோரு நாள் ஒரு முழுக் காரைத் தேய்த்தார். கையளவு கையளவாக. நான் இடது கையால் மெழுகு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மெழுகின் மண்ணெண்ணெய் வாசம் சாப்பிடும்போதும் அம்மாவின் கையில் இருந்தது. சிலந்தி வலை பானெட்டிலிருந்து போனது, பிறகு கூரையிலிருந்து, பிறகு கதவுகளிலிருந்து. அந்தப் பதினோரு நாளும் மாலையில் கார் ஓடியது. ஓடி வந்ததும் குளித்தது.

ஜூலையில் ஒரு காலை அப்பா வந்து இறங்கினார். பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். மாடியிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார்.

அப்பா உறையை விலக்கினார். காரைச் சுற்றி வந்தார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்தார், ஒரு கணம் மீசையைக்கூடச் சரிசெய்தார். காரை வெயிலுக்குத் தள்ளச் சொல்லி மறுபடி சுற்றி வந்தார். அவர் குரல் தழுதழுத்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"ஷோரூம்ல பாத்த மாதிரியே இருக்கு. பாத்தியா? மூணு மாசம் நகரல, எப்படி இருக்கு பாரு! ரோட்டுல எடுக்கிறதுதான் கெடுதல். இனிமே ஞாயித்துக்கிழமையும் வேண்டாம். கல்யாணம், காதுகுத்துன்னா மட்டும் எடுப்போம்."

சாவிக்காகக் கையை நீட்டினார்.

அம்மா பேசாமல் கொடுத்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பாய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார். மாமி சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். எனக்கு அன்று அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது. காரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

"நகராத வண்டி இல்லீங்க" என்றார் அம்மா. "தினம் ஓடின வண்டி. மீட்டரைப் பாருங்க."

அப்பா கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். எண்கள் அவருக்கு மறக்காது. வெளியே வந்தபோது அவர் முகத்தில் கோபம் தொடங்கி, பானெட்டைப் பார்த்ததும் பாதியில் நின்றது. காரின் மேல் ஒரு குறையும் இல்லாமல் எதை வைத்துக் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல! யார் ஓட்டினது?"

"நான்தான். இவ கைக்காக எடுத்தேன். அப்புறம் எனக்காக எடுத்தேன்."

"எங்கயாவது இடிச்சியா?"

"நின்னுக்கிட்டிருந்த வண்டில ஒருத்தர் வந்து உரசினார். ஒரு முழத்துக்குக் கீறல்."

"எங்க?"

"கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சிட்டா சாவியைத் தர்றேன். நான் அப்புறம் கேக்கவே மாட்டேன்."

மாடியில் மாமி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். இது அம்மா யோசித்து வைத்த வார்த்தை இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் கண்ணால் பார்த்தார். பிறகு விரல் நுனியால் தடவினார். மண்டியிட்டு, கன்னத்தைத் தகரத்தோடு ஒட்டி, வெயில் வழுக்கும் கோணத்தில் ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். வலப்பக்கப் பின்கதவின் முன் நெடுநேரம் நின்றார். நகர்ந்தார். எட்டரை மணிக்கு எழுந்து, இடப்பக்கம் முன்சக்கரத்துக்கு மேல் ஓரிடத்தைத் தொட்டார்.

"இங்க. நிறம் லேசா மாறுது."

"இல்லை" என்றார் அம்மா. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும்னு எழுதியிருந்தீங்களே. குளிச்சிட்டு வாங்க, கொண்டுபோய் விடறேன்."

அப்பா குளித்துவிட்டு வந்தார். ஏறும் முன் காரின் பின்னால் போய் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். அம்மா ஹாரன் அடித்தார்.